வேலை பிடித்திருக்கும்போது வரும் ரெக்ரூட்டர் அழைப்பு

ரொறன்ரோவில் சட்டத்தரணியாகி இரண்டு மூன்று வருடங்கள் கழிந்ததும் அநேகமாக எல்லோருக்கும் அந்தக் குறுந்தகவல் வந்துவிடுகிறது. உங்கள் அனுபவத்துக்குப் பொருத்தமான ஓர் இடம் இருக்கிறது, பத்து நிமிடம் கதைக்க முடியுமா என்று லிங்க்ட்இன்னில் யாரோ ஒருவர் கேட்டிருப்பார். எங்களில் பாதிப் பேர் அதை உடனே அழித்துவிடுகிறோம். இருக்கிற வேலையில் ஒரு குறையும் இல்லை, பிறகு எதற்கு என்ற எண்ணம். மற்றப் பாதிப் பேர் அன்றிரவே பழைய ரெசுமேயைத் தேடி எடுத்து அனுப்பிவிடுகிறோம். இரண்டுமே நல்ல வழியல்ல. முதலாவதில் இலவசமாகக் கிடைக்கக்கூடிய தகவல் கைநழுவிப் போகிறது. இரண்டாவதில் எங்கள் பெயர் எங்கே போய்ச் சேருகிறது என்பது எங்கள் கையில் இல்லாமல் போகிறது.

வேலை பிடித்திருக்கும் காலத்தில்தான் ஒரு ரெக்ரூட்டரோடு கதைப்பது பாதுகாப்பானது. வேலை போன பிறகோ, முதலாளியோடு முறுகல் வந்த பிறகோ கதைப்பவருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் பலம் குறைவு. வாடகையும் வீட்டுக் கடனும் அவருக்காகப் பேசத் தொடங்கிவிடும். ஆனால் இந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. ரெக்ரூட்டர் யார், யாருடைய காசில் வேலை செய்கிறார் என்பது விளங்கியிருந்தால்தான் அது கிடைக்கும்.

இதில் எங்கள் சமூகத்துக்கென்று ஒரு மனத்தடையும் உண்டு. இங்கே சட்டம் படித்தவர்களும், இங்கிலாந்துக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்து தகைமை மதிப்பீட்டுப் பரீட்சைகள் எழுதியவர்களும், இலங்கையிலோ இந்தியாவிலோ வழக்காடிவிட்டு நடுவயதில் வந்து திரும்பவும் மாணவரானவர்களும் அதிகம் அலைந்தது ஆர்ட்டிகிளிங் இடத்துக்காகத்தான். அந்த நேரத்தில் கதவைத் திறந்துவிட்டவர் பல பேருக்கு ஒரு தமிழ் மூத்த சட்டத்தரணியாக இருந்திருப்பார். அவரை அண்ணா என்றோ அக்கா என்றோ கூப்பிட்டுப் பழகியிருப்போம். அவர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருப்போம். அப்படிப்பட்டவருக்குத் தெரியாமல் வேறு இடம் பற்றி விசாரிப்பது துரோகம் போலப் படும். அந்த உணர்வை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விசாரிப்பது வேறு, விட்டுப் போவது வேறு. வருடத்துக்கு ஒரு தடவை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர் நோயாளி என்று யாரும் சொல்வதில்லை. நன்றியுள்ளவர்தான் பெரும்பாலும் ஐந்தாறு வருடம் சம்பளத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பவர். ஒரு நாள் தன்னைவிடப் பிந்தி வந்தவருக்குக் கூடக் கிடைப்பது தெரியவந்ததும் மனம் கசந்து வெளியேறுபவரும் அவர்தான். சந்தை நிலவரம் தெரிந்திருந்தால் அந்தக் கசப்பு வருமுன்னரே மூத்தவரோடு இருந்து கதைத்திருக்கலாம்.

சரி, ரெக்ரூட்டர் யார்? சட்ட நிறுவனங்களுக்கும் பெரிய கம்பனிகளின் உள்சட்டப் பிரிவுகளுக்கும் ஆள் தேடிக் கொடுப்பவர். அவருக்குக் காசு கொடுப்பது வேலைக்கு எடுக்கும் நிறுவனம். பொதுவாக, சேருகிறவரின் முதல் வருடச் சம்பளத்தில் 20 முதல் 25 வீதம் வரை கட்டணமாக வாங்குவார்கள். 140,000 டொலர் சம்பளத்தில் ஒருவர் சேர்ந்தால் ரெக்ரூட்டரின் நிறுவனத்துக்கு 28,000 முதல் 35,000 டொலர் வரை போகும். வேலை தேடும் எங்களிடம் ஒரு சதமும் வாங்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ரெசுமே திருத்த, கோப்பைத் திறக்க, நேர்முகத்துக்குத் தயார்படுத்த என்று காசு கேட்பவரிடமிருந்து விலகி நிற்பதே நல்லது. தற்காலிக வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவரிடம் ரெக்ரூட்டர் கட்டணம் வாங்குவதை ஒன்ராறியோவில் சட்டமே தடுத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்த மாகாணத்தில் ரெக்ரூட்டராகத் தொழில் செய்வதற்குத் தொழில் அமைச்சின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். யாரிடம் அது இருக்கிறது என்பதை அமைச்சின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். தொலைபேசியில் பத்து நிமிடம் செலவழிக்க முன்னர் இதற்கு இரண்டு நிமிடம் செலவழிப்பதில் நட்டமில்லை.

காசு எங்கேயிருந்து வருகிறது என்பது தெரிந்தால் அவர் நடந்துகொள்ளும் முறையும் விளங்கும். இந்தத் துறையில் பெரும்பாலான ரெக்ரூட்டர்களுக்கு ஆள் வேலையில் சேர்ந்தால்தான் காசு. சேராவிட்டால் மூன்று மாத உழைப்பும் வீண். அதனால் அவர் எங்கள் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கப் போராடுவார் என்று நினைப்பது பாதிதான் உண்மை. நாங்கள் இன்னும் 10,000 டொலர் கேட்டால் அவருடைய கட்டணம் 2,000 அல்லது 2,500 டொலரால் கூடும். ஆனால் அந்தப் பேரத்தில் நிறுவனம் பின்வாங்கிவிட்டால் அவருக்கு முழுத் தொகையும் போய்விடும். கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரும் விரைவில் கைகுலுக்க வைக்கத்தான் பார்ப்பார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீடு வாங்கும்போது ஏஜன்டைப் பற்றி நாங்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்கும் உண்மைதான் இது. ஒரு நிறுவனம் குறிப்பிட்ட ஒரு பதவிக்காக முற்பணம் கொடுத்து ஒருவரிடம் மட்டும் தேடலை ஒப்படைக்கும் முறையும் உண்டு. மூத்த பதவிகளில் அது வழக்கம். அப்படியான இடத்தில் அவசரம் கொஞ்சம் குறைவு. அழைப்பவரிடம் இது எந்த வகை என்று நேரடியாகக் கேட்கலாம். நல்லவர்கள் மறைப்பதில்லை.

இன்னொரு விடயத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரெக்ரூட்டர் எல்லோருக்கும் உதவமாட்டார். அவர்களின் சந்தை பெரும்பாலும் இரண்டு முதல் ஏழெட்டு வருட அனுபவம் உள்ளவர்களுக்கானது. பே வீதியின் பெரிய நிறுவனங்கள், நடுத்தர நிறுவனங்கள், வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், தொழில்நுட்பக் கம்பனிகள் ஆகியவைதான் கட்டணம் கொடுத்து ஆள் எடுப்பவை. ஆர்ட்டிகிளிங் தேடும் மாணவருக்கும் இப்போதுதான் அனுமதி பெற்றவருக்கும் அவர்களால் ஆகக்கூடியது குறைவு. அரசாங்கச் சட்டத் திணைக்களங்கள், சட்ட உதவி அலுவலகங்கள், சமூகச் சட்ட நிலையங்கள் எல்லாம் வெற்றிடங்களைத் தாங்களே விளம்பரம் செய்கின்றன. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள சிறிய தமிழ் அலுவலகங்கள் தெரிந்தவர் மூலம்தான் ஆள் பிடிக்கின்றன. ஆனால் அனுபவமுள்ள லோ கிளார்க்குகளுக்கு, அதிலும் வீடு வாங்கல் விற்றல், கம்பனிச் சட்டம், சிவில் வழக்கு ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கு, இந்தச் சந்தை நன்றாகவே திறந்திருக்கிறது. எங்கள் சமூகத்தில் லோ கிளார்க்காக வேலை செய்பவர்கள் ஏராளம். இந்தக் கட்டுரையில் சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

இனி அந்த முதல் உரையாடலுக்கு வருவோம். அலுவலகத் தொலைபேசியிலோ, அலுவலக மின்னஞ்சலிலோ, அலுவலகக் கணினியிலோ அது நடக்கக் கூடாது. 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்கள் தங்கள் ஊழியர்களை மின்னணு வழியில் கண்காணிக்கிறார்களா, எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று எழுத்தில் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் ஒன்ராறியோவில் சட்டம். அந்தக் கொள்கையை ஒரு தடவை எடுத்து வாசித்துப் பாருங்கள். கண்காணிக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, சொல்லிவிட்டுச் செய் என்கிறது, அவ்வளவுதான். லிங்க்ட்இன்னில் "வேலைக்குத் தயார்" என்பதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. ஆனால் உங்கள் நிறுவனத்தின் கண்ணில் அது படவே படாது என்று அந்தத் தளமே உத்தரவாதம் தருவதில்லை.

அந்த உரையாடலில் உண்மையைச் சொல்வதுதான் சிறந்த உபாயம். "எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. மாறும் எண்ணம் இப்போது இல்லை. ஆனால் வெளியே என்ன நிலவரம் என்று அறிந்துவைத்திருக்க விரும்புகிறேன். மிகப் பொருத்தமான இடம் வந்தால் கேட்கத் தயார்" என்று சொல்லலாம். நல்ல ரெக்ரூட்டருக்கு இது ஏமாற்றமாக இருக்காது. நிறுவனங்கள் தேடுவதே வேலையில் நன்றாக இருப்பவர்களைத்தான். பிறகு நீங்கள் கேட்கத் தொடங்கலாம். என் அனுபவ வருடத்துக்கு என் துறையில் இப்போது என்ன சம்பளம்? போனஸ் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வருடத்துக்கு எத்தனை பில்லபிள் மணித்தியாலம் எதிர்பார்க்கிறார்கள்? உள்சட்டப் பிரிவுக்குப் போனவர்கள் திரும்பி வருகிறார்களா? நீங்கள் சொல்லும் அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது, முதலில் இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பல தடவை மற்ற எல்லாப் பதில்களையும்விடப் பெறுமதியானது. ஒரே கதிரையில் மூன்று வருடத்தில் மூன்று பேர் இருந்து எழும்பியிருந்தால் பிழை அந்த மூன்று பேரிலும் இருக்க வாய்ப்பில்லை.

சம்பளம் பற்றி ஒரு புதிய வசதி வந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் பகிரங்கமாக விளம்பரம் செய்யும் வேலைக்குச் சம்பளத்தையோ சம்பள வரம்பையோ குறிப்பிட வேண்டும். அந்த வரம்பின் இரு முனைகளுக்கும் இடையே 50,000 டொலருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கனடிய அனுபவம் கட்டாயம் என்றும் விளம்பரத்தில் கேட்க முடியாது. வெளிநாட்டில் வழக்காடிவிட்டு வந்தவர்களுக்கு இது சின்ன விடயமல்ல. ஆனால் 200,000 டொலருக்கு மேற்பட்ட சம்பளங்களுக்குச் சம்பளம் குறிப்பிடும் விதி பொருந்தாது. அதைவிட முக்கியமானது, விளம்பரமே செய்யாமல் ரெக்ரூட்டரின் காதோடு காதாகப் போகும் இடங்களுக்கு இந்த விதிகளின் பயன் இல்லை. ஆகவே, அப்படிப்பட்ட இடம் என்றால் சம்பள வரம்பை நீங்களாகவே கேட்டு வாங்க வேண்டும். "நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்" என்று கேள்வி உங்களிடமே திரும்பி வந்தால், விளம்பரமான இதே தரத்து வேலைகளின் வரம்புகளை எடுத்துச் சொல்லுங்கள். இப்போது வாங்கும் சம்பளத்தைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. குறைந்த சம்பளத்தில் சமூகத்துக்குள் வேலை செய்தவர் அந்தத் தொகையைச் சொல்லிவிட்டால், அடுத்த இடத்துச் சம்பளமும் அந்தத் தொகையிலிருந்தே கட்டியெழுப்பப்படும்.

இப்போது மிக முக்கியமான இடம். ரெசுமே கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. உரையாடல் முடிந்ததும் ஒரு சிறிய மின்னஞ்சல் எழுதுங்கள்: என் பெயரையோ ரெசுமேயையோ எந்த நிறுவனத்துக்கும் அனுப்ப முன்னர், ஒவ்வொரு தடவையும், அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி என்னிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். இதற்கு "நிச்சயமாக" என்று ஒரு வரியில் பதில் போடாதவரோடு வேலை செய்யத் தேவையில்லை.

ஏன் இவ்வளவு கறார்? இரண்டு காரணம். முதலாவது, கட்டண உரிமை. உங்களை ஒரு நிறுவனத்துக்கு முதலில் அறிமுகம் செய்த ரெக்ரூட்டருக்கே கட்டணம் என்பதுதான் வழக்கமான ஒப்பந்தம். அந்த உரிமை பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ நீடிக்கும். ஒருவர் உங்களுக்குத் தெரியாமலே பத்து இடத்துக்கு ரெசுமேயை அனுப்பியிருக்க, இன்னொருவர் அதே இடத்துக்குத் திரும்ப அனுப்பினால், இரண்டு பேரில் யாருக்குக் காசு கொடுப்பது என்ற தகராறு நிறுவனத்துக்கு வரும். பல நிறுவனங்கள் அந்தத் தலையிடியே வேண்டாம் என்று உங்களைக் கைவிட்டுவிடும். நண்பர் ஒருவர் உள்ளேயிருந்து நேரடியாகப் பரிந்துரைக்கத் தயாராக இருந்திருக்கலாம். அந்த வழியும் அடைபட்டுப் போகும். ஆகவே எந்த ரெக்ரூட்டர் மூலம் எந்த நிறுவனத்துக்குப் போனோம் என்பதை ஒரு குறிப்பில் திகதியோடு எழுதி வைத்திருங்கள்.

இரண்டாவது காரணம், நாங்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள். பெயரை நீக்கிவிட்டுத்தான் விபரத்தை அனுப்புவோம் என்று ரெக்ரூட்டர் சொல்வார். பெயர் இல்லாத அந்தத் தாளில் என்ன இருக்கும்? தமிழ் சரளமாகப் பேசுவார், ஆறு வருட அனுபவம், ஸ்காபரோவில் ஏழு பேர் உள்ள அலுவலகம், விபத்து இழப்பீட்டு வழக்குகள். எங்கள் வட்டத்தில் இதை வாசிக்கிறவருக்குப் பெயர் தேவையா? ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது முதலாளியின் காதுக்கு எட்டிவிடும். மொழி, அலுவலகத்தின் அளவு, இடம் ஆகிய மூன்றில் எதை வெளியிடலாம், எதை முதல் கட்டத்தில் மறைக்க வேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்துச் சொல்லுங்கள். உங்கள் இப்போதைய அலுவலகத்துக்கும் அந்த ரெக்ரூட்டர் ஆள் தேடிக் கொடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்படியானால் அவருக்கு இரண்டு பக்கமும் வாடிக்கையாளர்.

சட்டத்தரணிகளுக்கு மட்டும் உரிய ஒரு பொறி இனி வருகிறது. மற்றத் துறைக்காரர் ரெசுமேயில் செய்த வேலையைப் பெருமையாக விரித்து எழுதலாம். எங்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இன்னார் எங்கள் கட்சிக்காரர் என்பதே இரகசியமாக இருக்கக்கூடும். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் நடத்தை விதிகள் வேலை தேடும் காலத்திலும் அப்படியே பொருந்தும், ரெக்ரூட்டர் முன்னிலையிலும் பொருந்தும். "தமிழ் வர்த்தகர் ஒருவரின் பலசரக்குக் கடைத் தொடர் விற்பனை" என்று எழுதினாலே அது யார் என்று எங்கள் ஊரில் பலருக்கு விளங்கிவிடும். பகிரங்கமான தீர்ப்புகளில் வந்த வழக்குகளைக்கூட நிதானித்துத்தான் குறிப்பிட வேண்டும். பொதுவாக, வேலையின் வகையையும் உங்கள் பங்கையும் எழுதுங்கள், ஆளையும் தொகையையும் விடுங்கள். இடம் மாறுவது உறுதியாகும் கட்டத்தில், முரண்பாடு இருக்கிறதா என்று பார்ப்பதற்குத் தேவையான குறைந்தபட்சத் தகவலைப் புதிய நிறுவனத்துக்குக் கொடுக்க விதிகள் இடம் தருகின்றன. அதுவும் கட்சிக்காரரின் சிறப்புரிமைக்குப் பாதகம் வராத அளவுக்கு மட்டும். அந்தத் தகவல் போக வேண்டியது புதிய நிறுவனத்தில் முரண்பாடு பார்ப்பவரிடம். ரெக்ரூட்டரிடம் அல்ல.

முரண்பாடு என்பது வெறும் படிவம் நிரப்பும் வேலை என்று நினைப்பவர்கள் மக்டொனால்ட் எஸ்டேட் எதிர் மார்ட்டின் வழக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும். மானிட்டோபாவில் ஒரு வழக்கில் ஒரு தரப்புக்காக வேலை செய்த இளம் சட்டத்தரணி ஒருவர் பின்னர் வேறு நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனம் பின்னர் எதிர்த்தரப்புக்கு ஆஜராகிக்கொண்டிருந்த நிறுவனத்தோடு இணைந்தது. நாங்கள் அந்த வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை என்று அங்கிருந்தவர்கள் சத்தியக்கடதாசி கொடுத்தார்கள். 1990இல் கனடிய உச்ச நீதிமன்றம் அது போதாது என்றது. விபரம் அறிந்த ஒரு பொதுமகனுக்கு அந்த இரகசியம் பயன்படுத்தப்படாது என்ற திருப்தி வர வேண்டும் என்று சொல்லி, அந்த நிறுவனத்தையே வழக்கிலிருந்து விலக்கியது. அதன் பிறகு, இடம் மாறுபவரை அவருடைய பழைய கோப்புகளிலிருந்து பிரித்துவைக்கும் ஏற்பாடுகள் வழக்கமாகின. பெரிய நிறுவனத்தில் அது சாத்தியம். நாலு அறையும் ஒரு சமையலறையும் உள்ள அலுவலகத்தில் எப்படிப் பிரிப்பது? ஒரே ஊர் மக்களின் காணித் தகராறும், கடைப் பங்குத் தகராறும், கோயில் நிர்வாகத் தகராறும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில அலுவலகங்களுக்கிடையே நடக்கும் எங்கள் சூழலில், ஒரு தமிழ் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பே வீதிக்கு மாறுவதைவிடச் சிக்கலாகலாம். இதை முதல் நேர்முகத்துக்கு முன்னரே மனதில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஒப்பந்தத்தையும் தேடி எடுங்கள். 2021 ஒக்டோபர் 25 முதல் செய்யப்பட்ட வேலை ஒப்பந்தங்களில் போட்டி நிறுவனத்துக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனைக்கு ஒன்ராறியோவில் இடமில்லை. மிக உயர்ந்த நிர்வாகப் பதவிகளும் வியாபார விற்பனையும் விதிவிலக்கு. ஆனால் வாடிக்கையாளரை அழைத்துப் போகக் கூடாது என்ற நிபந்தனை வேறு. அதைச் சட்டம் தடை செய்யவில்லை. சட்டத்தரணி விடயத்தில் யாரிடம் போவது என்பது கட்சிக்காரரின் சொந்த முடிவு. விலகும்போது அவருக்கு அதை முறையாக அறிவிக்கும் கடமை இரு பக்கத்துக்கும் உண்டு. ஆனால் விலகும் கிழமை வரும்வரை அவர்களோடு இரகசியமாகக் கதைத்து ஆயத்தம் செய்வது விசாரிப்பதைத் தாண்டிய செயல். ரெக்ரூட்டர் "உங்களோடு எத்தனை கட்சிக்காரர் வருவார்கள்" என்று கேட்பார். அதற்கு எண்ணிக்கையில் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு நல்ல இடம் வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இருக்கும் இடத்தில் ஏழு வருடம். புதிய இடத்தில் 25,000 டொலர் கூட. பலர் இங்கே அந்த 25,000ஐ மட்டும்தான் பார்க்கிறார்கள். நாங்கள் விட்டுப்போவது ஏழு வருடச் சேவைக்காலம். ஒன்ராறியோவில் முதல் மூன்று மாதத்துக்குள் வேலையிலிருந்து நிறுத்தினால் சட்டப்படி முன்னறிவித்தல்கூடத் தேவையில்லை. நாங்கள் திரும்பவும் அந்தப் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறோம். இந்த அபாயத்தை நீதிமன்றங்களும் கவனித்திருக்கின்றன. 1997இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்ட வாலஸ் எதிர் யுனைடெட் கிரெய்ன் குறோவர்ஸ் வழக்கில் வாலஸ் என்பவர் ஓர் அச்சுத்துறை விற்பனையாளர். வேறு நிறுவனத்தில் 25 வருடம் இருந்தவர். பாதுகாப்பான வேலை என்று உறுதி சொல்லி 45ஆவது வயதில் அழைத்துவந்து, 14 வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். அவருக்கு 24 மாத முன்னறிவித்தலுக்கு ஈடான சம்பளம் தீர்க்கப்பட்டது. நல்ல வேலையிலிருந்த ஒருவரை ஆசைகாட்டி அழைத்தது அதில் கணக்கெடுக்கப்பட்ட ஒரு விடயம். ஆனால் இந்தப் பாதுகாப்பைப் புதிய ஒப்பந்தத்தின் வேலை நிறுத்தப் பிரிவு ஒன்றே இல்லாமல் செய்துவிடலாம். சட்டப்படியான குறைந்தபட்சம் மட்டும் என்று அதில் எழுதியிருந்தால் வாலஸின் கதை உங்களுக்கு உதவாமல் போகலாம். ஆகவே சம்பளத்தைவிட முதலில் வாசிக்க வேண்டியது அந்தப் பிரிவு. பழைய சேவைக்காலத்தை ஏற்கச் சொல்லியோ, முதல் இரண்டு வருடத்துக்குள் நிறுத்தினால் குறிப்பிட்ட மாதச் சம்பளம் தரச் சொல்லியோ கேட்கலாம். வேலையில் நிம்மதியாக இருப்பவருக்குத்தான் இப்படிக் கேட்க வாய் வரும். ரெக்ரூட்டர் இதை உற்சாகமாக வரவேற்கமாட்டார். கொஞ்சம் தாமதமாகும் அல்லவா.

சட்டத்தரணிகளுக்கு மேலதிக நேரச் சம்பளம், பொது விடுமுறை, விடுமுறைச் சம்பளம் பற்றிய ஒன்ராறியோ வேலைச் சட்டத்தின் பகுதிகள் பொருந்தாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மற்றவர்களுக்காக வழக்காடுகிறோம், எங்கள் லீவு எத்தனை நாள் என்பது ஒப்பந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது. தாளில் இல்லாவிட்டால் இல்லை.

குடும்பக் கணக்கும் உண்டு. வீடு வாங்கிக் கையெழுத்திட்டு, இன்னும் சாவி கைக்கு வராத காலத்தில் வேலை மாறினால், கடன் தரும் வங்கி எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கலாம். புதிய வேலையின் பரீட்சார்த்த காலம் அவர்களுக்குப் பிடிக்காத சொல். பிள்ளை எதிர்பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: ஒன்ராறியோவில் பிரசவ விடுப்பு உரிமை கிடைக்க, பிரசவத் திகதிக்குக் குறைந்தது 13 கிழமைகளுக்கு முன்னராவது அந்த வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். விடுப்புக் காலத்தில் நிறுவனம் தன் கையிலிருந்து கூட்டிக் கொடுக்கும் தொகைக்கோ பல இடங்களில் இதைவிட நீண்ட சேவைக்காலம் கேட்பார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் நிறுவனத்தின் கொள்கைப் பிரதியை மட்டும் அனுப்பச் சொல்லி ரெக்ரூட்டரிடம் கேட்கலாம். இப்படியான கேள்விகளை எங்களுக்குப் பதிலாகக் கேட்பதுதான் அவரிடமிருந்து கிடைக்கும் நல்ல உபயோகங்களில் ஒன்று.

புதிய இடத்தின் கடிதத்தைக் காட்டிப் பழைய இடத்தில் சம்பளம் கூட்டிக் கேட்பது பற்றி எங்களிடையே இரண்டு கருத்து உண்டு. போக உண்மையான எண்ணம் இல்லாமல், கடிதம் வாங்குவதற்காக மட்டும் நேர்முகத்துக்குப் போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அந்த நிறுவனமும் ரெக்ரூட்டரும் அதை நெடுங்காலம் மறக்கமாட்டார்கள். கடிதமே தேவையில்லை. மூன்று ரெக்ரூட்டர்களோடு கதைத்த ஒருவருக்குத் தன் தரத்துக்குச் சந்தையில் என்ன விலை என்று தெரியும். பகிரங்க விளம்பரங்களிலும் வரம்பு தெரிகிறது. வருட முடிவில் மூத்தவரிடம் போய், "அண்ணா, நான் எங்கேயும் போகவில்லை. ஆனால் இதே வேலைக்கு வெளியே இவ்வளவு கொடுக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தால் எவ்வளவு முடியும் என்று இருந்து கதைப்போமா" என்று கேட்பதற்கு யாருடைய கடிதமும் வேண்டாம். சிலவேளை அவரால் முடியாது என்றுதான் பதில் வரும். சம்பளத்துக்குப் பதிலாகக் கிழமையில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்வது, பங்காளராகும் பாதை, தனியாக வழக்காடும் வாய்ப்பு என்று வேறொன்று மேசைக்கு வரவும் கூடும்.

ரெக்ரூட்டருக்கு "இல்லை" சொல்வதும் ஒரு வேலைதான். பதில் போடாமல் மறைந்துவிடுவது எங்கள் ஆட்களிடம் கொஞ்சம் அதிகம். இரண்டு வரி எழுதினால் போதும்: இந்த இடம் எனக்குப் பொருந்தவில்லை, காரணம் இது, என் ரெசுமேயை இதற்கு மேல் எங்கும் அனுப்ப வேண்டாம், ஆறு மாதம் கழித்துக் கதைப்போம். காரணத்தைச் சொன்னால் அடுத்த தடவை அவர் பொருத்தமானதைத்தான் கொண்டுவருவார். நாட்காட்டியில் ஆறு மாதம் தள்ளி ஒரு நினைவூட்டலைப் போட்டு வையுங்கள். சொந்தக் கைத்தொலைபேசியின் நாட்காட்டியில்.